துவைச்ச சட்டை

மழை பிடிச்சுக்கிட்டா லாண்டரிக்காரங்க பாடு திண்டாட்டம்தான். துவைக்க ஆளிருக்கும், இஸ்திரி போட ஆளிருக்கும், காய வைக்கத்தான் ஒரு வழியும் இருக்காது. அக்கா கடையில பின்கட்டு முழுக்கக் கொடி கட்டி ஓட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரித் திரையும் ஈரமாத் தொங்கும். ஒரு பக்கம் பாய்லர் சூடு, ஒரு பக்கம் ஈரவாடை. குனிஞ்சுதான் நடக்கணும். நிமிர்ந்தா யாரோ படுத்தெழுந்த விரிப்பு மூஞ்சியில அறையும்.

நான் அந்தக் கடை வாசல்ல தையல் மெஷின் போட்டிருக்கிறவ. கிழிஞ்சதைத் தைக்கிறது, பட்டன் வைக்கிறது, இடுப்பு பெருத்தவங்களுக்குப் பிரிச்சு விடுறது, இதெல்லாம் என் வேலை. அக்கான்னு கூப்பிடுறேனே தவிர ரத்த சொந்தம் கிடையாது. ஆனா அந்த வீட்டுல ஒரு டம்ளர் உருண்டாலும் எனக்குக் கேட்கும். வாசல்ல உட்கார்ந்திருக்கிறவ காது அப்படி.

அன்னைக்கு ஆய்வகத்துப் பொண்ணு சாப்பிட வர்ற நாள். காலையிலேயே அக்கா அடுப்படிக்கும் பாய்லருக்குமா ஓடிக்கிட்டிருந்தாங்க. சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு, ரெண்டு வகைக் காய். "வர்றது ஒரு பொண்ணு, ஆக்குறது ஒரு ஊருக்கு"ன்னு நான் சொன்னதுக்கு, "ஹாஸ்டல் சோறு தின்னு தின்னு நாக்கு செத்துப் போயிருக்கும்டி, வாயை மூடிட்டு வெங்காயத்தை உரி"ன்னாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அக்கா மூஞ்சி அப்படி மலர்றதைப் பார்க்கலாம்.

வருஷா வருஷம் ஒரு பிள்ளை வரும். தடயவியல் மேல்படிப்பு படிக்கிற பிள்ளை. குற்றம் நடந்த இடத்துல கிடைக்கிற முடி, மண்ணு, துணி, ரத்தம் இதையெல்லாம் சோதிக்கிற அரசாங்க ஆய்வகத்துல சில மாசம் தங்கி ஆராய்ச்சி பண்றதுக்கு அக்கா உதவித்தொகை கொடுக்கிறாங்க. கல்லூரி வழியாத்தான் போகும், அதுக்கு அத்தான் பேரை வச்சிருக்காங்க. அக்கா போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. ஆராய்ச்சி முடிஞ்சதும் அந்தப் பிள்ளை லாண்டரிக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டு, என்ன கத்துக்கிட்டேன்னு அக்காவுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்.

ஒரு லாண்டரிக்காரிக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டவங்க நிறைய. நான் கேட்டதில்ல. எனக்குத் தெரியும்.

அத்தான் செத்தது இதே மாதிரி ஒரு மழைநாள்ல. பொழுது சாயுற நேரம், ஓட்டலுக்கு விரிப்பு கொடுத்துட்டு சைக்கிள்ல வந்தவரை எதுவோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில அவர் போட்டிருந்த துணியை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு அக்கா கையில கொடுத்துட்டாங்க. கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்துட்டாங்க. அக்கா வீட்டுக்கு வந்ததும் யார்கிட்டயும் பேசலை. நேரா பின்கட்டுக்குப் போயி, பச்சைத் தண்ணி பிடிச்சு, உப்பைப் போட்டு, சட்டையை ஊற வச்சுட்டாங்க. ரத்தக் கறை காயறதுக்குள்ள பச்சைத் தண்ணியில போடணும், சுடுதண்ணி பட்டா பிடிச்சுக்கும். அது அவங்க கைக்கே தெரியும். மனசு எங்கேயோ இருந்தாலும் கை பாட்டுக்கு வேலை செய்யும். துவைச்சு, அலசி, காலருக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டு, மடிச்சு வச்சுட்டு உட்கார்ந்தாங்க.

மறுநாள் போலீஸ்காரர் வந்து துணியைக் கேட்டாரு. மடிச்ச சட்டையைப் பார்த்துட்டு தலையில கை வச்சுக்கிட்டாரு. "ஏம்மா, இருந்த ஒரு சாட்சியையும் துவைச்சு எடுத்துட்டீங்களே"ன்னாரு. சட்டையை எடுத்துட்டுப் போயிட்டாரு, அந்த வார்த்தை அக்கா நெஞ்சுல முள்ளாத் தைச்சிடுச்சு. அதுக்கப்புறம் யாரையாவது பிடிச்சே ஆகணும்னு ஆயிடுச்சு அவங்களுக்கு.

பிடிச்சது வேன்காரரை. நீல வேன். மரச்சாமான் கடைக்கு லோடு அடிக்கிறவர். கடை வாசல்ல வண்டியை நிறுத்துறாருன்னு அத்தானுக்கும் அவருக்கும் அடிக்கடி வாய்த்தகராறு. அந்த வாரம் வேன் முன்பக்கம் நசுங்கியிருந்துச்சு. அவர் கடை இரும்புக் கேட்டுல இடிச்சுக்கிட்டேன்னாரு. அக்கா ஸ்டேஷன்ல, அந்த நேரத்துக்கு வேன் அந்த ரோட்டுல போனதைப் பார்த்தேன்னு சொன்னாங்க. தினமும் பார்க்கிற வேன்தானே, அன்னைக்கும் பார்த்த மாதிரிதான் இருந்திருக்கும். வேன்ல இருந்து கொஞ்சம் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் போனாங்க. சட்டை துவைச்சதுங்கிறதால ஒத்துப் பார்க்க ஒண்ணுமில்லைன்னு ஆய்வகத்துல எழுதிட்டாங்க. கோர்ட்டு அவரைச் சந்தேகத்தின் பேர்ல விட்டுச்சு. ஊர் விடலை. அக்கா விட விடலை. கடை கடையா ஏறி, "என் புருஷனைக் கொன்னவனுக்கு லோடு கொடுக்காதீங்க"ன்னு சொன்னாங்க. தாலி அறுத்தவ வந்து நின்னு அழுதா யார் மறுப்பா?

கேஸ் தோத்தப்ப அக்கா ஆய்வகத்துக்கே போய்ச் சண்டை போட்டாங்க. அங்கிருந்த பெரிய அதிகாரி ஒரு ரூமைத் திறந்து காட்டினாராம். அலமாரி அலமாரியா சீல் வச்ச பொட்டலம். "பார்க்க ஆள் இல்லைம்மா. ஆராய்ச்சிக்குப் பிள்ளைங்க வர்றாங்க, ஆனா கையில காசில்லாம எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாங்க? பாதியில ஏதாவது வேலைக்குப் போயிடுறாங்க"ன்னாராம். இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் அக்கா அதை எடுத்துக் கல்லூரியில போட்டாங்க. "எனக்குக் கிடைக்காத பதில் இன்னொருத்திக்காவது கிடைக்கட்டும்"னாங்க. நல்ல மனசுதான். அதுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பொண்ணு குடையை மடிச்சுக்கிட்டே வந்தா. ஒல்லிக்குச்சி உடம்பு, பெரிய கண்ணாடி. அக்கா மகன் பார்த்ததுமே என்கிட்ட மெதுவா, "சித்தி, பூதக்கண்ணாடி வந்துடுச்சு"ன்னான். கல்லாவுல உட்கார்ந்ததுல இருந்து அவனுக்கு வாய் கூடிப் போச்சு.

பின்கட்டுல விரிப்புகளுக்கு நடுவுல பாய் விரிச்சுச் சாப்பாடு. அந்தப் பொண்ணு நல்லாச் சாப்பிட்டா. அக்கா பரிமாறிக்கிட்டே, "இப்பச் சொல்லும்மா, நீ என்ன பண்ணே?"ன்னாங்க.

"துணிதாம்மா. உங்க தொழில்தான். துவைச்ச துணியில என்னென்ன தடயம் மிச்சமிருக்கும்னு பார்க்கிறதுதான் என் ஆராய்ச்சி."

"துவைச்சதுல என்ன இருக்கும்?" அக்கா கரண்டி அப்படியே நின்னுச்சு.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இருக்கும்மா. பழகுறதுக்குன்னு முடிஞ்ச கேஸ் சாமான் கொடுப்பாங்க. யாரும் திரும்பி வாங்கிக்காதது. பேர் இருக்காது, ஊர் இருக்காது, நம்பர் மட்டும்தான். அப்பத்தான் நாங்க மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டுப் பார்க்க மாட்டோம். அதுல எனக்கு ஒரு சட்டை வந்துச்சு. வெறுமனே துவைச்சது இல்லம்மா, இஸ்திரி போட்டது." அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "காலருக்குக் கஞ்சி வேற. லேப்ல எல்லாரும் சிரிச்சோம். விபத்துல செத்தவரு சட்டைக்கு யாராவது கஞ்சி போடுவாங்களா?"

அக்கா மகன் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகலை. அக்கா மட்டும் அதே குரல்ல, "போட்டிருப்பாங்க. அப்புறம்?"னாங்க.

"கை மடிப்பு இருக்கில்ல, கஃப்பு, அதைப் பிரிச்சேன். உள்ள தையலோட ஒட்டிக்கிட்டு ஒரு பெயிண்ட் துகள். கண்ணுக்கே தெரியாது. இத்தனை வருஷமும் அங்கேயே இருந்திருக்கு. துவைச்சும் போகலைம்மா."

"போகலையா?"

"போகலை. சந்தேகப்பட்ட வண்டியோட பெயிண்ட்டும் தனியா ஒரு பாக்கெட்டுல இருந்துச்சு. அதையும் இதையும் வச்சுப் பார்த்தேன். மேல ரெண்டுமே நீலம். ஆனா செவுத்துக்கு அடிக்கிற மாதிரி வண்டிக்கும் ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சிருப்பாங்க. துகள்ல நீலத்துக்குக் கீழ வெள்ளை. அந்த வண்டியில கீழ சிவப்பு. கெமிக்கல் சோதனையிலயும் வேற வேறன்னு வந்துச்சு. எங்க சார் ரெண்டு தடவை பார்த்துட்டாரு. அந்த வண்டி இல்லவே இல்ல."

"எந்த வண்டின்னு தெரியுமா?"

"அது தெரியாதும்மா. இது இல்லைன்னுதான் சொல்ல முடியும். அதுவே பெரிசு"ன்னு சொல்லி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டா.

அக்கா ஊத்தினாங்க. அவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, "நல்லாப் படிம்மா"ன்னு கன்னத்தைத் தொட்டு அனுப்பிட்டு, உள்ளே வந்து தொங்குற விரிப்புக்குள்ள மூஞ்சியைப் பொத்திக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு பாவம், யார் வீட்டுல உட்கார்ந்து என்ன சொல்லிட்டுப் போறோம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பேரில்லாத சட்டைக்கு வீடு மட்டும் இருந்துச்சு.

சாயந்தரம் அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை பிடிச்சுக்கிச்சு.

"நான் போய்ச் சொல்லணும்டா."

"யார்கிட்ட?"

"அந்த வேன்காரர்கிட்ட."

"உனக்கென்ன கிறுக்காம்மா? அந்தப் பொண்ணுக்கே தெரியாது அது யார் சட்டைன்னு. நீ வாயைத் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல. கஞ்சி போடுற வீடு நம்ம வீடு ஒண்ணுதானா?"

"சட்டை என்னுதுடா."

"சரி, சொல்றே. சொன்னா என்ன ஆகும்? ஊரே நம்மளைக் காறித் துப்பும். ஒண்ணுமறியாதவன் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டவன்னு பேசும். பிள்ளைங்களுக்குப் படிக்கக் கொடுக்கிறியே, அதையும் பேசும். பாவத்தைக் கழுவத்தான் கொடுக்கிறான்னு பேசும்."

"பேசட்டும்."

அவன் திரும்பி ஒரு விரிப்பை உதறி மேஜையில போட்டான். இஸ்திரிப் பெட்டி புஸ்ஸுன்னு ஆவி விட்டுக்கிட்டிருந்துச்சு. அப்புறம், "அம்மா, இத்தனை வருஷமும் அப்பாவைக் கொன்னவன் மூஞ்சின்னு ஒரு மூஞ்சி இருந்துச்சு எனக்கு. அதையும் எடுத்துட்டா நான் யாரை நினைச்சுத் திட்டுவேன்?"னு கேட்டான்.

அக்கா அவன் தலையைத் தடவினாங்க. "எனக்கும் அதேதாண்டா. ஆனா அது அந்த ஆளு மூஞ்சிடா. நம்ம எடுத்து வச்சுக்கிட்டோம்."

வாயாடின்னு எனக்குப் பேரு. அன்னைக்கு மெஷினுக்கு உறையைப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

அக்கா முதல்ல ஆய்வகத்துப் பெரிய அதிகாரியைப் போய்ப் பார்த்தாங்க. நான் கூடப் போனேன். அக்கா விஷயத்தைச் சொன்னதும் பதிவேட்டுல நம்பரைச் சரிபார்த்துட்டு அவர் ஆடிப் போயிட்டாரு. அந்தப் பொண்ணு மேல கோபம் வேண்டாம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நிபந்தனை போட்டது நான்தான்னு அக்கா கெஞ்சினாங்க. கேஸைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மனு கொடுத்தா முறைப்படி எழுதித் தர்றோம்னாரு. அங்கேயே உட்கார்ந்து கொடுத்துட்டாங்க. வெளியில வந்ததும், "பொய் சொன்னதையும் சேர்த்தே எழுதிட்டேன்டி"ன்னாங்க. "எதை?"ன்னேன். "வேனைப் பார்த்தேன்னு சொன்னதை. நான் அன்னைக்கு எதையுமே பார்க்கலை. பாய்லர் பக்கத்துல நின்னு போர்வை மடிச்சுக்கிட்டிருந்தேன்."

வேன்காரர் இப்ப ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டுல டோக்கன் கொடுக்கிறாரு. ஓட்டின மனுஷன், மத்தவங்க ஓட்டிட்டு வர்ற வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறாரு. தூறல்ல கிழிஞ்ச குடையைக் கம்பத்துல கட்டிக்கிட்டு நின்னாரு. அக்காவைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கினாரு. ஆஸ்பத்திரித் திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் அப்படித்தான் ஒதுங்குவாரு. குத்தம் உள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு அக்கா சொல்லுவாங்க. நானும் ஆமா போட்டிருக்கேன்.

அக்கா சுத்தி வளைக்கலை. "நீங்க இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆய்வகத்துல பார்த்துட்டாங்க. உங்க வண்டி இல்ல. நான் பார்த்தேன்னு சொன்னது பொய். என்னை மன்னிச்சிடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அவர் ஒரு ஸ்கூட்டர்காரருக்குச் சீட்டுக் கிழிச்சுக் கொடுத்தாரு. அந்த வண்டி உள்ள போற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம்தான் திரும்பினாரு.

"நான் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவர் பஸ்ஸுக்கு வழி சொல்ற மாதிரி சொன்னாரு.

அக்கா அன்னைக்கே கிளம்பிட்டாங்க. எந்தக் கடையெல்லாம் ஏறி அழுதாங்களோ அந்தக் கடையெல்லாம் திரும்ப ஏறினாங்க. ஏறின வரிசைகூட அவங்களுக்கு ஞாபகமிருந்துச்சு. மரச்சாமான் கடையில பழைய முதலாளி போயிட்டாரு, மகன் இருந்தான். "எந்த வேன்காரர்?"னான். அக்கா விளக்கினதும், "ஓ, அவரா? அவருக்கு லோடு கொடுக்காதேன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு. ஏன்னு நான் கேட்டுக்கலை"ன்னான். காரணம் செத்துப் போச்சு, தடை மட்டும் உசிரோட இருந்திருக்கு. சிமெண்ட் கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த மனுஷனுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியலையே. வண்டியைக் கொடுத்தாலும் ஓட்ட முடியாது"ன்னாரு. ஒரு கடையில சிரிச்சாங்க. ஒரு கடையில, "அப்பவே எனக்குத் தெரியும்"னு ஒருத்தர் சொன்னாரு. தெரிஞ்சவர் அப்ப வாயில என்ன வச்சிருந்தாரோ.

நனைஞ்சு போயிட்டோம். "போதும்க்கா, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம்"னேன். "இன்னும் ஒரே ஒரு இடம்டி"ன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினாங்க. அங்க என்ன கடைன்னு எனக்குத் தெரியும்.

ஜெராக்ஸ் கடை. அதுல வேலை பார்க்கிறது வேன்காரர் மக.

அவளும் அதே படிப்புத்தான் படிச்சா, அதே தடயவியல். அப்பாவைச் சந்தேகத்தின் பேர்ல விட்டாங்களே, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கணும்னே போய்ச் சேர்ந்தான்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்கா கொடுக்கிற உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தா. கல்லூரியில தேர்ந்தெடுத்து, பணம் கொடுக்கிறவங்க பார்க்கட்டும்னு ஒரு மரியாதைக்கு அக்காகிட்ட அனுப்பியிருந்தாங்க. அவ பேருதான் முதல்ல இருந்துச்சு. அக்கா பேனாவை எடுத்து ஒரே இழுப்பா இழுத்துட்டாங்க. "கொன்னவன் வீட்டுப் பிள்ளை என் புருஷன் பணத்துல படிக்கணுமா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அது எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு.

கடைக்குள்ள கூட்டம். வேன்காரர் மக ரெண்டு மெஷினுக்கு நடுவுல நின்னு, ஒரு கையால தாளை வைக்கிறதும் ஒரு கையால எடுக்கிறதுமா இருந்தா. எங்களைப் பார்த்ததும், "அப்பா போன் பண்ணிச் சொன்னாரு"ன்னா. கையை நிறுத்தலை.

"நீ திரும்பப் போய்ச் சேரும்மா. நான் இப்பவே கல்லூரியில பேசுறேன். இந்த வருஷம் உனக்குத்தான்"னு அக்கா படபடன்னு சொன்னாங்க.

"அது படிக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறது. நான் பாதியில நின்னுட்டேனே."

"ஏம்மா நின்னே?"

"ஆய்வகத்துல இருந்து ஆராய்ச்சி பண்ணாத்தான் படிப்பு முடியும். சும்மா இருந்து பண்றதுக்கு வீட்டுல வழியில்ல. அப்பா டோக்கன் கொடுக்கிறாரு." சொல்லிட்டு ஒரு கட்டுத் தாளைத் தட்டிச் சரி பண்ணினா. "பெயிண்ட் எங்க இருந்துச்சு?"

"கை மடிப்புக்குள்ள."

"கீழ என்ன நிறம்?"

"வெள்ளையாம்."

முதல் தடவையா அவ கை நின்னுச்சு. "எங்க வண்டிக்குக் கீழ சிவப்பு. பழைய முதலாளிகிட்ட இருந்தப்பச் சிவப்பு வண்டி அது. நீலம் அடிக்கும்போது நானும் அப்பாவும் கூடவே நின்னோம். நான் எழுதிப் போட்டதே அதைத்தான். நிறம் ஒண்ணா இருந்தாலும் அடியில இருக்கிற அடுக்கைப் பார்த்து வண்டியை விலக்கிட முடியும், அதைத்தான் ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு எழுதியிருந்தேன். ரெண்டு பக்கம். நீங்க படிச்சிருப்பீங்களே."

அக்கா மறைக்கலை.

"இல்லம்மா. உங்கப்பா பேர் வரைக்கும்தான் படிச்சேன்."

அவ நிமிர்ந்து அக்காவைப் பார்த்தா. திட்டுவாள்னு நினைச்சேன். திட்டட்டும்னு வேண்டிக்கிட்டேன்னுகூடச் சொல்லலாம். பின்னாடி நின்னவரு, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மான்னு ஒரு தாளை நீட்டினாரு. அவ அதை வாங்கி மெஷின்ல வச்சு மூடினா. நாங்க நனைஞ்ச செருப்போட கடைப்படி இறங்கி, மத்தவங்க ஏற வழிவிட்டு, கூட்டம் குறையட்டும்னு ஓரமா நின்னோம்.